கைப்பட்டை சும்மா அதிர்கிறது, போன் வழியை மாற்றிச் சொல்கிறது: செங்கோட்டை–ஆரியங்காவு பாதையில் பார்வையற்றோர் கருவிகளுக்கு என்ன செய்யலாம்?

செங்கோட்டையில் கிளம்பி புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று புனலூர் வரைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744-ல் போய்வரும் பார்வையற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அவர்களில் ஒருவன். கையில் கட்டுகிற அதிர்வுப் பட்டை, மார்பில் மாட்டுகிற கேமரா, பேசும் கண்ணாடி, போனில் ஓடும் வழிகாட்டிச் செயலி என்று ஆளுக்கொன்று வைத்திருக்கிறோம். கூட வருகிற கையேட்டில் நம் ஊர்ப் பிரச்சினைகள் எதுவும் இருக்காது. ஜூன் பிறந்தால் சாரல், கணவாய்க் காற்று, இரண்டு பக்கமும் மலை, நடுவழியில் கோட்டைவாசலில் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கிவிடும். ஆகவே கோளாறை வைத்தே வரிசைப்படுத்தியிருக்கிறேன். உங்கள் கருவி செய்கிற சேட்டை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன்னால் இரண்டு விஷயம். கருவி சந்தேகமாக நடந்துகொண்டால் சாலையோரத்தில் நின்று நோண்டாதீர்கள். ஒரு கடைச் சுவரில் முதுகைச் சாய்த்து, வெண்கோலைக் காலுக்கு முன்னால் ஊன்றிக்கொண்டு, பிறகு பாருங்கள். இரண்டாவது, தப்பாகச் சொல்வது எந்தப் பகுதி என்று முதலில் பிரித்துவிடுங்கள். எதிரே என்ன இருக்கிறது என்று பார்ப்பது சென்சார். நாம் எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் போடுவது ஜிபிஎஸ். அதை நம்மிடம் சொல்வது குரல் அல்லது அதிர்வு. போனை அணைத்துவிட்டுக் கைப்பட்டையை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போதும் உளறினால் சென்சார்தான். பட்டையைக் கழற்றிய பிறகும் வழி தப்பினால் ஜிபிஎஸ். வழி சரியாக இருந்து, காதில் விழுவது மட்டும் குழப்பமாக இருந்தால் குரல். இதைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் ரீசெட் செய்கிறவர்கள்தான் பாதி நாள் கருவியில்லாமல் இருக்கிறார்கள்.

எதிரே ஒன்றுமில்லை, பட்டை அதிர்ந்துகொண்டே இருக்கிறது

"அண்ணாச்சி, பேண்டுக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்று எனக்கு வருகிற போன்களில் இதுதான் அதிகம். அதுவும் சாரல் காலத்தில்.

இந்தப் பட்டைகள் பெரும்பாலும் மீயொலியில் வேலை செய்பவை. நம் காதுக்கு எட்டாத, நொடிக்குச் சுமார் 40,000 அதிர்வு கொண்ட ஒலியை விட்டு, அது எதிரே பட்டுத் திரும்புகிற நேரத்தை அளக்கும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 3 மீட்டர் தள்ளி நிற்கும் தூணில் பட்டுத் திரும்ப, ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆகாது. சென்சாரின் முகத்தில் ஒரு துளி நீர் உட்கார்ந்தாலே இந்த அளவு கெட்டுவிடும். ஒட்டினாற்போல் ஏதோ நிற்கிறது என்று கருவி நினைத்துக்கொள்ளும். பெருமழையை விடச் சாரல்தான் மோசம். மழை என்றால் நாமே ஒதுங்கிவிடுவோம், சாரலில் நடந்துகொண்டேயிருப்போம். உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். வலை போன்ற மூடி இருந்தால் ஊசி, பின் எதையும் வைத்துக் குத்த வேண்டாம்.

துடைத்தும் நிற்கவில்லையா? அடுத்து சந்தேகப்பட வேண்டியது குடை. பட்டை கட்டிய கையிலேயே குடையையும் பிடித்தால் குடையின் விளிம்பு சென்சாருக்கு முன்னால் தொங்கும். மழைக்கோட்டின் கைமடிப்பும் இதே வேலையைத்தான் செய்யும். மலையாளக் கரைக்குப் போனால் குடையில்லாமல் நடக்க முடியாது, எனவே பட்டையையும் கோலையும் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு குடையை மறுகைக்கு மாற்றுங்கள். இரண்டு கையும் நிரம்பிவிடும் என்பது உண்மைதான். பையை முதுகில் போட்டுக்கொள்வது ஒன்றே வழி.

மூன்றாவதாக, தூரம். கடைவீதியில் 3 மீட்டர், 4 மீட்டர் என்று வைத்தால் போகிற வருகிற ஆள் ஒவ்வொருவருக்கும் அதிரும். டெல்லி ஐஐடி உருவாக்கி 2014-ல் வெளிவந்த ஸ்மார்ட்கேன் என்ற கருவியில் (அது கையில் கட்டுவதல்ல, கோலின் பிடியில் மாட்டுவது) 1.8 மீட்டர், 3 மீட்டர் என இரண்டு அமைப்பு வைத்தது இதற்காகத்தான். கூட்டத்தில் குறைத்து வையுங்கள், வெட்டவெளியில் கூட்டுங்கள். சாதாரண நடையில் நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் போகிறோம். 1.8 மீட்டர் என்றால் நிற்பதற்கு ஒன்றரை நொடி கிடைக்கும். கோல் கையில் இருந்தால் அது போதும்.

பேருந்து நிலையத்தில் மட்டும் திடீர் திடீரென்று அதிர்கிறது என்பவர்கள் பயப்பட வேண்டாம். பஸ்ஸின் ஏர் பிரேக் "புஸ்ஸ்" என்று காற்றை விடும்போது அதில் மீயொலியும் கலந்து வருகிறது. கருவி அதைத் தன் எதிரொலி என்று எடுத்துக்கொள்ளும். தொழிற்சாலைகளில் காற்றுக்குழாய்க் கசிவைக் கண்டுபிடிப்பதுகூட இந்த ஒலியை வைத்துத்தான். ஒரு கணம் அதிர்ந்து நின்றால் அது பிரேக். அதிர்ந்தபடியே இருந்தால் எதிரே நிஜமாகவே ஏதோ இருக்கிறது. ஒரே மாதிரிப் பட்டை கட்டிய இருவர் அருகருகே நடந்தாலும் ஒருவருடைய ஒலி இன்னொருவர் கருவிக்குள் புகுந்துவிடும். இரண்டு எட்டு முன்பின்னாகப் போங்கள்.

அதிரவே இல்லை, போய் மோதிவிட்டேன்

முன்னதைவிட இதுதான் ஆபத்து. ஆனால் பாதி நேரம் கருவியில் பழுது இருக்காது, அதன் இயல்பே அப்படி.

மீயொலியைத் துணியும் வைக்கோலும் விழுங்கிவிடும். புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் வைக்கோல் லாரிகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பிதுங்கி, தலை உயரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். அது அனுப்பும் எதிரொலி மிகவும் பலவீனமாக இருக்கும். சோதனைச்சாவடிப் பக்கம் வரிசையாக நிற்கிற லாரிகளின் ஓரமாக நடக்க வேண்டியிருந்தால் பட்டையை நம்பாதீர்கள், ஒரு கையை முகத்துக்கு முன்னால் மடக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். தார்ப்பாய் கட்டிய கயிறும், கொடிக்கம்பியும் மெல்லியவை என்பதால் தப்பிவிடும். சாய்ந்த கண்ணாடி, வழுவழுப்பான தகரம் இரண்டும் ஒலியை வேறு பக்கம் திருப்பி அனுப்பிவிடும், நம்மிடம் ஒன்றும் திரும்பி வராது. பெட்டிக்கடை முன்னால் தொங்கும் வாழைத்தாரை மட்டும் ஒழுங்காகச் சொல்லிவிடும். அந்த ஒன்றுக்காகவே நான் பட்டையைக் கழற்றுவதில்லை.

பள்ளத்தை இந்தப் பட்டைகள் சொல்லாது. மூடியில்லாத ஓடை, படி, நடைமேடையின் விளிம்பு எல்லாம் கோலின் வேலை. "பள்ளமும் காட்டும்" என்று சொல்லி விற்க வந்தால், கடை வாசல் படியில் நிறுத்தி நிரூபித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இவை எதுவுமில்லாமல் வெறும் சுவருக்கே அதிரவில்லை என்றால், கை எப்படித் தொங்குகிறது என்று பாருங்கள். உள்ளங்கை பின்னால் திரும்பியிருந்தால் சென்சார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். கட்டைவிரல் முன்னோக்கி இருக்கும்படி பிடித்து, வீட்டுச் சுவருக்கு முன்னால் இரண்டு எட்டு தள்ளி நின்று சோதியுங்கள். சுவருக்கு மிக அருகில் வந்ததும் அதிர்வு நின்றுவிடுகிறதா? பல சென்சார்களால் மிக அருகில் இருப்பதை அளக்க முடியாது. தான் விட்ட ஒலி அடங்குவதற்குள் எதிரொலி வந்துவிடுவதுதான் காரணம்.

வண்டி வந்ததைச் சொல்லவில்லை

சொல்லாது. மணிக்கு 40 கிலோமீட்டரில் வருகிற வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். 3 மீட்டர் எட்டும் கருவி எச்சரித்து, வண்டி நம்மேல் வருவதற்குக் கால் நொடிதான் மிச்சம். சாலையைக் கடக்க எந்தப் பட்டையையும் பயன்படுத்தாதீர்கள். காதால் கடக்கலாம், இல்லையென்றால் பக்கத்தில் நிற்பவரின் முழங்கையைப் பிடித்துக் கடக்கலாம்.

போன் இடத்தைத் தள்ளிச் சொல்கிறது

திறந்த வானத்தின் கீழேகூட சாதாரண போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வட்டத்துக்குள்தான் சரியாக இருக்கும். இருவழிச் சாலையின் தார்ப்பரப்பு பொதுவாக 7 மீட்டர். நீங்கள் சாலையின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது போனுக்கு நிச்சயமாகத் தெரியாது என்றுதான் இதற்கு அர்த்தம். புனலூர் பஸ் வரும் பக்கமா, தென்காசி பஸ் வரும் பக்கமா என்று போனிடம் கேட்காதீர்கள்.

கோட்டைவாசல் தாண்டியதும் இன்னும் மோசமாகும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற செயற்கைக்கோள்கள் நாலாபுறமும் பரவித் தெரிந்தால்தான் கணக்கு சரியாக வரும். இங்கே மலைக்கு நடுவில் வானம் ஒரு கீற்றாகத்தான் திறந்திருக்கிறது. அந்தக் கீற்றில் தெரிகிற செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்பதால் பக்கவாட்டில் பிழை கூடும். பாறையில் பட்டுத் தெறித்து வருகிற சமிக்ஞை தூரத்தைக் கூட்டிக் காட்டும். மழையில் நனைந்த மரக்கிளைகளும் தங்கள் பங்குக்கு அதைக் குறைக்கும்.

செய்யக்கூடியது இவ்வளவுதான். செங்கோட்டையிலேயே திறந்த இடத்தில் நின்று செயலியைத் திறந்து, இடம் பிடித்துக்கொண்டதா என்று உறுதி செய்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். ஒரு செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை ஒருமுறை முழுதாகச் சொல்லி முடிக்க 30 நொடி எடுக்கும், இடையில் ஒரு கட்டடம் மறைத்தால் மறுபடி காத்திருக்க வேண்டும். போனைப் பையின் அடியில் போடாமல் சட்டைப்பையிலோ தோள்பட்டையிலோ வையுங்கள். அமைப்புகளில் "துல்லியமான இருப்பிடம்" இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். புது போன் வாங்குவதாக இருந்தால் இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் உள்ளதைக் கேளுங்கள், ஜிபிஎஸ் போலவே இஸ்ரோ அமைத்த நாவிக்கையும் பிடிக்கும் என்றால் நல்லது. தெறித்து வரும் சமிக்ஞையைக் கழிப்பதில் இரட்டை அலைவரிசை நிஜமாகவே உதவும்.

ரயிலில் போகிறவர்களுக்கு: பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்ததும் இருப்பிடம் உறைந்துவிடும், வெளியே வந்ததும் ஒரே தாவாகத் தாவும். பழுது என்று நினைக்க வேண்டாம். நியூ ஆரியங்காவு வந்துவிட்டதா என்று எதிர் சீட்டில் இருப்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

வலது என்கிறது, ஆனால் வழி இடது பக்கம்

நிற்கும்போது மட்டும் திசை தப்பி, நடந்தால் சரியாகிறது என்றால் காம்பஸ் கோளாறு. நடக்கும்போது செயலி நம் நகர்வை வைத்தே திசையை அறியும், நின்றுவிட்டால் போனுக்குள் இருக்கிற காந்த உணரியைத்தான் நம்ப வேண்டும்.

காந்தம் வைத்த மடிப்பு கவர்தான் முதல் குற்றவாளி. இயர்பட்ஸ் டப்பாவிலும் கைப்பையின் பட்டனிலும் காந்தம் இருக்கும். அவற்றையெல்லாம் அகற்றிவிட்டு, இரும்புக் கைப்பிடி, நிற்கிற பஸ் இவற்றிலிருந்து நாலு எட்டு விலகி நின்று, போனைக் காற்றில் எட்டு வடிவில் சில முறை சுழற்றுங்கள். அப்படியும் தப்பினால், ஓரமாகப் பத்து எட்டு நேராக நடந்துவிட்டுக் கேளுங்கள். சொல்வது மாறிவிடும்.

"நம்ம ஊர்ல காந்தத் திசையே சரியில்லையாமே" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நேர்மாறு. காந்த நடுக்கோடு இந்தத் தெற்கு முனைக்குப் பக்கத்தில் போகிறது. 1963-ல் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவை ராக்கெட் ஏவ எடுத்துக்கொண்டதே அந்தக் காரணத்தால்தான். காந்தப்புலம் இங்கே கிட்டத்தட்டத் தரைக்கு இணையாக ஓடுவதால் காம்பஸுக்கு வசதியான ஊர் இது. தப்பு கவரில்தான்.

எல்லை தாண்டியதும் செயலி மௌனம்

பெரும்பாலும் ரோமிங். தமிழ்நாடும் கேரளமும் தொலைத்தொடர்பில் தனித்தனி வட்டங்கள். போன் கேரளக் கோபுரத்தைப் பிடித்ததும், "டேட்டா ரோமிங்" அணைந்திருந்தால் இணையம் நின்றுபோகும். கிளம்பும்போதே அதை இயக்கி வையுங்கள். புளியரையில் நிற்கும்போதே அந்தப் பக்கத்துக் கோபுரம் மாறிமாறிப் பிடிக்கும், அப்போது போன் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும்.

மலைப்பாதையில் எந்தக் கோபுரமும் எட்டாத திருப்பங்கள் இருக்கின்றன. அதற்கு ஆஃப்லைன் வரைபடம்தான். தென்காசியிலிருந்து புனலூர் வரை ஒரே கட்டமாகத் தேர்ந்து வைஃபையில் இறக்கி வையுங்கள். தமிழ்நாட்டை மட்டும் இறக்கிவிட்டுக் கோட்டைவாசலில் நின்று திட்டுகிறவர்கள் உண்டு. செயற்கைக்கோளுக்கு இணையம் தேவையில்லை, வரைபடத்துக்குத்தான் தேவை.

ஊர்ப்பெயரை விழுங்குகிறது

வரைபடத்தில் பெயர் மலையாள எழுத்தில் இருந்தால் தமிழ்க் குரல்கள் சில அதைத் தாண்டிப் போய்விடும். "200 மீட்டரில்..." என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். செயலியின் மொழியைத் தமிழ் அல்லது ஆங்கிலம் என்று வையுங்கள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானில் மலையாளக் குரலையும் இறக்கிச் சேர்த்துக்கொண்டால், சில போன்கள் எழுத்தைப் பார்த்துத் தானே குரலை மாற்றிக்கொள்ளும். ஆங்கில எழுத்து வழியாக வந்தால் கழுதுருட்டியின் ழகரம் சிதைந்து வேறு ஏதோ ஊராகக் கேட்கும். அடிக்கடி போகிற இடங்களை உங்கள் பேச்சிலேயே சேமித்துவிடுவது உத்தமம். என் போனில் "பதிமூணு கண் பாலம்", "டீக்கடை வளைவு" என்றெல்லாம்தான் இருக்கிறது.

குரல் சரியாக இருந்தும் காதில் விழவில்லை என்றால் காற்றுதான் காரணம். ஜூனிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாக வீசுகிற காற்றில், காதை மூடாமல் கன்ன எலும்பு வழியாக ஒலி தருகிற ஹெட்போன்கூட மங்கிவிடும். அதற்காகக் காதுக்குள் அடைக்கிற இயர்பட்ஸை இரண்டு பக்கமும் போட்டுக்கொள்கிறார்கள். வேண்டவே வேண்டாம். வண்டிச் சத்தம்தான் நமக்குக் கண். குரலின் வேகத்தைக் குறைத்து, சொல்கிற விஷயங்களையும் குறையுங்கள். ஒவ்வொரு கடையாகச் சொல்லும் அமைப்பை அணைத்துவிட்டால் திருப்பங்கள் தெளிவாகக் கேட்கும்.

சின்னத் தொல்லைகள்

திரை அணைந்ததும் செயலி நின்றுபோகிறது: போனின் பேட்டரி சிக்கன ஏற்பாடு அதைக் கொல்கிறது. அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள், இருப்பிட அனுமதியை "எப்போதும்" என்று மாற்றுங்கள்.

பட்டைக்கும் போனுக்கும் தொடர்பு அறுகிறது: ப்ளூடூத் அலையை உடம்பின் நீர்ச்சத்து உறிஞ்சிவிடும். வலது கையில் பட்டை, இடது பின்பையில் போன் என்றால் நடுவில் நீங்களே தடுப்பு. ஒரே பக்கத்துக்கு மாற்றுங்கள்.

பவர் பேங்கில் போட்டால் அரை நிமிடத்தில் சார்ஜ் நின்றுவிடுகிறது: பட்டை எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் அணைந்துகொள்கிறது. போனையும் சேர்த்து மாட்டுங்கள். சார்ஜ் துளை ஈரமாக இருந்தால் அரிசிக்குள் புதைக்காதீர்கள், துளை கீழ்ப்பார்வையாக இருக்கும்படி மின்விசிறிக் காற்றில் வைத்தாலே காய்ந்துவிடும்.

பேசும் கண்ணாடி பஸ் போர்டைப் படிக்கவில்லை

கேமராவின் கண்ணில் ஆவி படிந்திருக்கலாம். ஏசி பஸ்ஸிலிருந்து ஈரக்காற்றுக்குள் இறங்கியதும் இரண்டு மூன்று நிமிடம் அப்படித்தான். துடைத்தும் படிக்கவில்லை என்றால் மொழி அமைப்பைப் பாருங்கள். கேரள அரசு பஸ்களின் போர்டு பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும், எழுத்தறியும் அமைப்பில் மலையாளம் இல்லையென்றால் கண்ணாடி ஒன்றும் சொல்லாது. ஒளிரும் எல்இடி போர்டு வேறொரு வம்பு. கண்ணுக்கு நிலையாகத் தெரிகிற எழுத்து உண்மையில் வரிவரியாக மின்னுகிறது, கேமராவுக்குப் பாதி எழுத்துதான் கிடைக்கும். தலையை ஆட்டாமல் இரண்டு முறை படம் எடுத்துப் பாருங்கள். பல கண்ணாடிகள் படத்தை இணையத்துக்கு அனுப்பித்தான் பதில் வாங்குகின்றன, மலையில் அந்தப் பதில் வருவதற்குள் பஸ் போய்விடும். "சேட்டா, இது புனலூர் போகுமோ?" என்று கேட்பது இன்னும் வேகம். விலையோடு ஒப்பிட்டால் இந்தக் கண்ணாடிகளை நம் பாதைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. வீட்டில் கடிதம், மருந்துச்சீட்டு படிக்க அருமையானவை.

நேற்றுவரை ஓடியது, இன்று திறக்கவே மறுக்கிறது

புதுப்பிப்பு, கடவுச்சொல் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்றால், தயாரித்தவர்கள் சர்வரையே மூடிவிட்டார்களா என்று விசாரியுங்கள். மைக்ரோசாஃப்ட் 2018-ல் வெளியிட்ட சவுண்ட்ஸ்கேப் என்ற நல்ல ஒலிவழிச் செயலி 2023-ல் நிறுத்தப்பட்டது. அதன் நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டதால் மற்றவர்கள் அதிலிருந்து வேறு செயலிகளைச் செய்தார்கள். எல்லாக் கருவிக்கும் அந்த யோகம் அமையாது. வாங்கும்போதே கடைக்காரரிடம் கேளுங்கள்: போன், இணையம், கணக்கு மூன்றும் இல்லாமல் இந்தப் பட்டை தடையைக் காட்டுமா? காட்டாது என்றால் வேறு பாருங்கள்.

சர்வீஸுக்கு அனுப்பத்தான் வேண்டும் என்றால், "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள், அப்படியே திரும்பி வரும். நனைந்ததா, எவ்வளவு தூரம் வைத்திருந்தீர்கள், போன் இல்லாமலும் அப்படியா, எப்போதுமா அல்லது குறிப்பிட்ட இடத்தில் மட்டுமா என்பதைக் குரல் பதிவாகச் சொல்லி அனுப்புங்கள். கருவி திரும்பி வந்ததும் நேராக மலைப்பாதைக்குக் கட்டிக்கொண்டு போகாமல், வீட்டு வாசலிலிருந்து தெரு முனை வரை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.